விலை கூடினால் வேகம் கூடுமா?

மாணவர்களே, கேமரன் மலையில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் நின்று கீழே பார்த்திருக்கிறீர்களா? வளைந்து இறங்கும் சாலையைக் கண்டதும், சக்கரம் வைத்த எதிலாவது ஏறிச் சறுக்கலாமே என்று மனம் துள்ளும். அந்தச் சாலையில் லாரிகளும் தோட்டத் தொழிலாளர்களும் வருவார்கள். அங்கே சறுக்க வேண்டாம், கணக்கு மட்டும் போடுவோம்.

இத்தகைய சரிவுகளுக்கென்றே ‘மவுண்டன்போர்டு’ என்னும் பலகை உண்டு. பனியில்லாத கோடையிலும் மலையில் சறுக்க ஆசைப்பட்டவர்களால் 1990களின் தொடக்கத்தில் வளர்ந்த விளையாட்டு இது. ஸ்கேட்போர்டைவிட நீளமான பலகை, காற்றடைத்த நான்கு டயர்கள், பாதத்தைப் பிடிக்கும் பட்டைகள். மலிவானதும் இருக்கிறது, பல மடங்கு விலையுள்ளதும் இருக்கிறது.

கூடுதல் பணம் வேகத்துக்கு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 10 மீட்டர் உயரம் இறங்கினால், உராய்வே இல்லாதபோது, வேகம் √(2×9.8×10) = வினாடிக்கு 14 மீட்டர். அதாவது மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர்! இந்தச் சூத்திரத்தில் நிறையும் இல்லை, ரிங்கிட்டும் இல்லை. காற்றும் மண்ணும் வேகத்தைக் குறைக்கும். என்றாலும் வேகத்தை மலையே இலவசமாகத் தருகிறது.

விலையுயர்ந்த பேரிங்? 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 30 கிலோமீட்டரில் வினாடிக்குச் சுமார் 13 முறைதான் சுழலும். நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் இயந்திரத்துக்கான துல்லியம் இதற்கு எதற்கு? எடை குறைந்த பலகையோ மேலே தூக்கிச் செல்லும்போதுதான் உதவும். ஒரு கிலோ குறைந்தால் 10 மீட்டர் ஏற 98 ஜூல் மிச்சம், அவ்வளவே.

சக்கர அச்சைத் தாங்கும் பகுதிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். அதன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை உங்கள் எடைக்கேற்ப மாற்ற முடிய வேண்டும். பெரியவர்களுக்கான இறுக்கமான ஸ்பிரிங்கில் 45 கிலோ மாணவர் எவ்வளவு சாய்ந்தாலும் பலகை சரியாகத் திரும்பாது.

இனி பிரேக். பல பலகைகள், விலையுயர்ந்தவைகூட, பிரேக் இல்லாமலே வருகின்றன. தனியே வாங்கி மாட்ட வேண்டும். நீங்களும் பலகையும் சேர்ந்து 50 கிலோ என்றால், 10 மீட்டர் இறக்கத்தில் சேரும் ஆற்றல் 4,900 ஜூல். 100 மில்லி தண்ணீரைச் சுமார் 12 டிகிரி சூடாக்க அது போதும். நிற்க வேண்டுமானால் அத்தனையும் எங்காவது வெப்பமாக மாறியாக வேண்டும். பிரேக் இல்லையென்றால் டயரும் மண்ணும், கடைசியில் உங்கள் முழங்காலும் அதை வாங்கிக்கொள்ளும்.

கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் தலைக்கவசம், அடுத்தது பிரேக்.