கடனுக்குப் பின் – 11
சித்தப்பா வீட்டை வாங்கும்போது

ஐ.பி. என்கிற திவால் மனு கொடுத்து, அதன்பின் மெல்லத் தலைதூக்கிய ஒருவர் சொந்தமாக வீடு வாங்குகிறார் என்றால், நான் பார்த்தவரையில் அது சொந்தக்காரர் வீடாகத்தான் இருக்கிறது. வங்கி அவருக்கு முகம் கொடுப்பதில்லை. வெளியார் பத்திரப்பதிவு அன்றே முழுத் தொகையையும் கேட்பார். சித்தப்பாவோ தாய்மாமனோதான், “பாதியை இப்பக் குடு, மீதியைக் கைக்கு வர வரக் குடு கண்ணு” என்பார்கள். அந்தப் பிரியம் உண்மையானது. ஆனால் அந்தப் பிரியத்தாலேயே பல வீடுகள் கோர்ட்டுக்குப் போயிருக்கின்றன. வெளியாரிடம் வாங்கும்போது நாலு பேரிடம் கேட்டு, வக்கீலிடம் காகிதத்தைக் காட்டுகிறோம். சித்தப்பாவிடம் காகிதம் கேட்கவே கூசுகிறோம்.

குமாரபாளையம் பக்கம் விசைத்தறி வைத்திருந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். நூல் வியாபாரிகளிடம் பாக்கி, வட்டிக்கு வாங்கியது, சீட்டுப் பணம் என்று எல்லாப் பக்கமும் நெருக்க, சார்பு நீதிமன்றத்தில் ஐ.பி. கொடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இப்போது கூலித்தறி ஓட்டுகிறார். பையனுக்கு ஒரு கம்பெனியில் வேலை. சித்தப்பா பெங்களூரில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போவதால், ஊர் வீட்டை இவருக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். இவர் என்னிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: முத்திரைத்தாளுக்கு எவ்வளவு ஆகும்?

நான் கோர்ட் உத்தரவைக் கேட்டேன். மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடித்து மடித்து மடிப்பு கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டிய நகல். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில் இருந்த விஷயம் மூன்று வரிதான். இவர் திவாலானவர் என்று அறிவிக்கப்படுகிறார். இவருடைய சொத்துகள் அபிஷியல் ரிசீவர் வசம் போகின்றன. ஓராண்டுக்குள் விடுவிப்பு கேட்டு மனு செய்ய வேண்டும். அந்த மூன்றாவது வரியை ஆறு வருஷமாக யாரும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை.

“அதான் ஐ.பி. ஆர்டர் ஆயிருச்சுங்களே, இன்னும் என்னங்க?” என்றார். இந்தக் கேள்வியை இதே வார்த்தைகளில் பலர் கேட்டிருக்கிறார்கள். திவால் என்று கோர்ட் அறிவித்ததுமே கடன் தீர்ந்துவிட்டது என்று ஊரே நம்புகிறது. அது தவறு. அறிவிப்பு என்பது பாதி வழி. மீதிப் பாதி விடுவிப்பு ஆணை.

சட்டம் பழையது. சென்னை மாநகரத்துக்கு 1909-ஆம் வருடச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் வருட மாகாண நொடிப்புச் சட்டம். 2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் தனிமனிதர்களைப் பற்றிய அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தறிக்காரருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் இன்றும் நூறு வருஷத்துக்கு முந்தைய சட்டம்தான்.

1920 சட்டத்தின் 28-வது பிரிவைத்தான் வீடு வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். திவாலானவர் என்று அறிவிக்கப்பட்ட நாளுக்கும் விடுவிப்புக்கும் நடுவில் அவர் கைக்கு வருகிற எந்தச் சொத்தும் உடனே ரிசீவரைச் சேரும் என்கிறது அது. உழைத்து வாங்கினாலும் சரி, பரம்பரையாக வந்தாலும் சரி. ஆக, என்னைத் தேடி வந்தவர் அன்றே சித்தப்பாவிடம் கிரயம் வாங்கியிருந்தால், பத்திரத்தில் அவர் பெயர் இருக்கும், வீடு பழைய கடன்காரர்களுக்குப் பங்கு போடுவதற்காக ரிசீவர் கைக்குப் போகும். ஆறு வருஷம் கூலித்தறி ஓட்டிச் சேர்த்த பணம் நூல் வியாபாரிகளின் பழைய பாக்கிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. குறித்த காலத்துக்குள் விடுவிப்பு கேட்காவிட்டால், கோர்ட் திவால் அறிவிப்பையே ரத்து செய்யும். ரத்தானால் கடன்காரர்கள் பழையபடி வழக்குப் போடலாம், டிக்ரியை நிறைவேற்றலாம். “அதெல்லாம் மூணு வருஷம் தாண்டிக் காலாவதி ஆயிருச்சு” என்று சொல்ல முடியாது. அறிவிப்புக்கும் ரத்துக்கும் இடைப்பட்ட காலம் காலாவதிக் கணக்கில் சேராது. ஆகவே வீடு பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, ஐ.பி. நம்பரை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய், அந்த வழக்குக் கட்டு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது.

இவருடைய கட்டில் ரத்து உத்தரவு எதுவும் இல்லை. தாமதத்துக்குக் காரணம் சொல்லி, கால நீட்டிப்பும் விடுவிப்பும் கேட்டு மனுப் போட்டார்கள். விடுவிப்பு தானாகக் கிடைப்பதில்லை. ரிசீவரின் அறிக்கையைப் பார்த்து, கடன்காரர்களின் ஆட்சேபணையைக் கேட்டுத்தான் கோர்ட் முடிவு செய்யும். சொத்தின் மதிப்பு கடனில் ரூபாய்க்கு எட்டணாவுக்குக் கீழே இருந்தால், அதற்கு நான் பொறுப்பல்ல என்று காரணம் காட்ட வேண்டும். எட்டணாக் கணக்கு இன்னும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. கணக்குப் புத்தகம் ஒழுங்காக வைத்திருந்தவருக்கு இங்கே கைகொடுக்கும். முழு விடுவிப்பு தரலாம், சில காலம் நிறுத்தி வைக்கலாம், இனி வரும் வருமானத்திலிருந்தோ வாங்கும் சொத்திலிருந்தோ இவ்வளவு கட்ட வேண்டும் என்று நிபந்தனையும் போடலாம். நிபந்தனை இருந்தால் அதை வரிவரியாகப் படித்த பிறகே வீட்டுப் பேச்சை எடுக்க வேண்டும். விடுவிப்பு வந்தாலும் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியும், மோசடியால் வந்த கடனும் தீராது. சொத்து அடமானத்தின்மேல் வங்கிக்கு உள்ள உரிமையும் போகாது.

இதையெல்லாம் கேட்டதும் வீட்டில் ஒருவர் சொல்லும் யோசனை எனக்குத் தெரியும்: “சம்சாரம் பேர்ல வாங்கிருங்க.” தயவுசெய்து வேண்டாம். மனைவி தன் சம்பளத்தில், தன் நகையை விற்று, தன் அப்பா கொடுத்த பணத்தில் வாங்கினால் அது அவர் வீடு. யாரும் தொட முடியாது. பணம் கணவருடையது, பெயர் மட்டும் மனைவியுடையது என்றால், ரிசீவர் அதைக் கேட்கலாம். அப்போது வீட்டோடு மனைவியின் நல்ல பெயரும் கோர்ட் படியேறும். கடனில் எந்தப் பங்கும் இல்லாத பெண்ணை அதற்குள் இழுத்துவிடுவது எனக்குப் பொறுப்பதில்லை.

அடுத்து, விற்கும் சித்தப்பாவின் நிலைமை. தறி வாங்க வங்கியில் கடன் எடுத்தபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டேன். தறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பாதான். கடனாளிக்குக் கிடைக்கும் விடுவிப்பு ஜாமீன்தாரரை விடுவிக்காது. வங்கி சித்தப்பாவின் மேல் வரலாம். அப்படி ஒரு பாக்கி நிற்கும்போது, ஜாமீன்தாரர் தன் வீட்டைக் கடனாளிக்கே சொற்ப விலைக்கு எழுதிக் கொடுத்தால், வங்கி வக்கீலுக்கு வேறு சாட்சி வேண்டாம். கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தில் செய்த விற்பனையைச் சொத்து மாற்றச் சட்டத்தின் 53-வது பிரிவில் செல்லாததாக்கக் கேட்கலாம். நல்லெண்ணத்தோடு உரிய விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்தப் பிரிவிலேயே பாதுகாப்பு உண்டு. ஆனால் வாங்கியவர் சொந்தக்காரர் என்றால் கோர்ட் உற்றுப் பார்க்கும். விலை சரியா, பணம் உண்மையில் கைமாறியதா, வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள்?

சித்தப்பாவுக்கே நாளைக்கு நொடிப்பு வந்து, கிரயம் நடந்த இரண்டு வருஷத்துக்குள் ஐ.பி. மனு விழுந்தாலும் இதே கேள்விகள்தான் வரும். அதனால் முதலில் வங்கிப் பாக்கியைக் கணக்கு முடித்து, பாக்கி இல்லை என்று சித்தப்பா பெயரிலேயே கடிதம் வாங்கச் சொன்னேன். கிரயத் தொகையில் ஒரு பகுதியை நேராக வங்கிக்கே கட்டலாம். அதைப் பத்திரத்திலும் எழுதலாம்.

விலை விஷயத்தில் சித்தப்பாக்கள் தாராளம் காட்டுவார்கள். “உன்கிட்ட லாபம் பாக்கறதாடா?” என்பார்கள். ஆனால் குறைத்து எழுதினால் மிச்சமாவது கொஞ்சம்தான். ஏழு சதவீத முத்திரைத் தீர்வையும் இரண்டு சதவீதப் பதிவுக் கட்டணமும் வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல்தான் கணக்காகும். அந்த மதிப்பு விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால், மூலதன ஆதாய வரிக்கு வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். வாங்குபவருக்கு ஒரு சலுகை உண்டு. சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை ஆகியோரிடம் குறைந்த விலைக்கு வாங்கினால் அந்த வித்தியாசத்துக்கு வருமான வரி இல்லை. பெரியப்பா மகனிடமோ அத்தை மகனிடமோ வாங்கினால் இந்தச் சலுகை இல்லை. தீர்வை குறைவான குடும்பச் செட்டில்மெண்டும் பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கணவன் மனைவி, உடன்பிறந்தோருக்குத்தான். சித்தப்பாவால் அண்ணன் மகனுக்கு அந்தச் சலுகையில் எழுத முடியாது.

பணத்தை ரொக்கமாகத் தரவேண்டாம். வீட்டுக் கிரயத்துக்கு இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். அது விழுவது சித்தப்பா தலையில். தவணையாகக் கொடுப்பதானால் எந்தத் தேதியில் எவ்வளவு என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி, எல்லாவற்றையும் வங்கிக் கணக்கு வழியாகக் கொடுக்க வேண்டும். கிரயம் முடிந்தும் விலையில் பாக்கி நின்றால், அந்தப் பாக்கிக்கு வீட்டின் மேலேயே விற்றவருக்குப் பற்று உண்டு. இது சட்டம் தரும் உரிமை. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை நம்பி வீட்டைத் திறந்துவிடுவதைவிட, சித்தப்பாவுக்கு இது நல்ல பிடிமானம்.

பிள்ளைகள் கையெழுத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு பூர்வீகம் என்றால் 2005 திருத்தத்துக்குப் பிறகு பெண்ணுக்கும் பையனுக்குச் சமமான பங்கு. சுயார்ஜிதம் என்றால் சட்டப்படி அவர்கள் சம்மதம் தேவையில்லை. இருந்தாலும் சாட்சியாகவாவது கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. சித்தப்பா காலத்துக்குப் பிறகு “அப்பாவை ஏமாத்தி எழுதி வாங்கிட்டாங்க” என்று ஒரு வழக்கு வந்தால், ஏற்கெனவே ஒருமுறை நொடித்தவர் பேச்சு எளிதில் எடுபடாது.

வங்கிக் கடனை இந்தக் கட்டத்தில் நம்ப வேண்டாம். பழைய வாராக்கடன் சிபில் அறிக்கையில் வருஷக்கணக்கில் நிற்கும். சொந்தக்காரர்களுக்குள் நடக்கும் கிரயம் என்றாலே வங்கிகள் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கும். பையன் பெயரில், அவன் சம்பளத்துக்குக் கடன் கேட்கலாம். அப்படியானால் கிரயமும் பையன் பெயரில்தான் இருக்க வேண்டும்.

தறிக்காரரின் மனு விசாரணையில் இருந்த காலத்தில் சித்தப்பா வீட்டிலேயே அவர் வாடகைக்குக் குடியேறினார். வாடகை ஒப்பந்தம் எழுதி, மாதாமாதம் வாடகையை வங்கியில் போட்டார். அந்த நாட்களில் யாரிடமும் கடனுக்குப் பொருள் எடுக்கவில்லை. விடுவிப்பு கிடைக்காதவர், தன் நிலையைச் சொல்லாமல் ஐம்பது ரூபாய் கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை சிறை என்று அந்தப் பழைய சட்டம் சொல்கிறது. தவணைக்கு செல்போன் வாங்குவதும் அதில் வரும். விடுவிப்பு ஆணை கைக்கு வந்த பிறகுதான் பத்திர எழுத்தரிடம் போனார்கள். ஆணையின் தேதியும் எண்ணும் கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே ஏறியது. சித்தப்பாவின் மகளும் மகனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தச் சித்தப்பாவைப் போல ஜாமீன் நின்றவர்கள், கடனாளி மீண்ட பிறகும் மீளாமல் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.