வேலையோடு எம்.பி.ஏ.: சேரும் முன் குடும்பத்தோடு போட வேண்டிய கணக்கு

பட்டம் முடித்து நான்கைந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்ட நம் பிள்ளைகளில் பலருக்கு ஒரு கட்டத்தில் எம்.பி.ஏ. ஆசை வருகிறது. அலுவலகத்தில் தனக்குப் பின்னால் சேர்ந்தவர் மேலாளர் ஆகிவிடுகிறார். வளைகுடா வேலை விளம்பரத்தில் ‘எம்.பி.ஏ. முடித்தவர்களுக்கு முன்னுரிமை’ என்று ஒரு வரி இருக்கிறது. வாப்பாவின் கடையைப் பெரிதாக்க வேண்டும் என்ற எண்ணமும் சிலருக்கு உண்டு. ஆனால் வீட்டில் நான்கு பேர் அவர் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் கல்லூரிக்குப் போக முடியாது. அப்போது கண்ணில் படுவதுதான் பகுதிநேர எம்.பி.ஏ.

கல்வி தேடுவதை வணக்கமாகவே கருதும் சமுதாயம் நம்முடையது. அதனால் இந்த ஆசையை நாம் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் படிப்பவர் ஒருவராக இருந்தாலும் அதற்கான நேரத்தையும் பணத்தையும் கொடுப்பது முழுக் குடும்பம். எனவே சேரும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

பெயர் ஒன்று, படிப்பு பல

‘வேலையோடு எம்.பி.ஏ.’ என்ற பெயரில் நான்கு வகைப் படிப்புகள் சந்தையில் இருக்கின்றன.

முதலாவது, கல்லூரிக்கு நேரில் சென்று மாலையிலோ வார இறுதியிலோ படிக்கும் உண்மையான பகுதிநேரப் படிப்பு. அண்ணா பல்கலைக்கழக விதிகளின்படி முழுநேர எம்.பி.ஏ. 4 செமஸ்டர் என்றால் பகுதிநேர எம்.பி.ஏ. 6 செமஸ்டர், அதாவது மூன்று ஆண்டுகள். இத்தகைய படிப்புகளுக்குப் பொதுவாகப் பணி அனுபவச் சான்றிதழ் கேட்பார்கள்.

இரண்டாவது, தொலைநிலைக் கல்வி. பாடநூல் வீட்டுக்கு வரும், வகுப்புகள் குறைவு, தேர்வை மையத்தில் எழுத வேண்டும். 1985-இல் தொடங்கப்பட்ட இக்னோ இதில் நீண்ட அனுபவம் உள்ளது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது.

மூன்றாவது, இணையவழிப் படிப்பு. வகுப்பு, பயிற்சி, பெரும்பாலும் தேர்வும்கூட கணினி வழியாகவே நடக்கும்.

நான்காவது வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘எக்ஸிகியூட்டிவ் புரோகிராம்’ என்று பெரிய நிறுவனங்களின் பெயரில் வருபவற்றில் பல, பட்டம் தருவதில்லை. படித்து முடித்தால் சான்றிதழ் மட்டுமே கிடைக்கும். அதிலும் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கலாம். ஆனால் பட்டம் தேவைப்படும் இடத்தில் அது உதவாது. பி.ஜி.டி.எம். என்பதும் பட்டயம்தான். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, பல்கலைக்கழகங்களும் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்க முடியும். எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “முடிவில் என் கையில் கிடைக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கும்?”

அங்கீகாரத்தை நாமே பார்க்க வேண்டும்

தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தருகிறது. 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற நிறுவனத்தில் இந்த முறைகளில் பெறும் பட்டம், நேரடியாகக் கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்துக்குச் சமம். இதை மானியக் குழு 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவுபடுத்தியது.

‘அனுமதி பெற்ற’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்தால் மட்டும் போதாது. நாம் சேரும் படிப்புக்கு, நாம் சேரும் கல்விப் பருவத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். சேர்க்கைப் பருவங்கள் ஆண்டுக்கு இரண்டு: ஜனவரி-பிப்ரவரி, ஜூலை-ஆகஸ்ட். சென்ற ஆண்டு அனுமதி இருந்தது என்பதை வைத்து இந்த ஆண்டு சேரக் கூடாது. தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மானியக் குழு வெளியிடுகிறது.

2024 ஜூலைப் பருவத்திலிருந்து, இந்தப் படிப்புகளில் சேரும் மாணவர் அந்தத் தளத்தில் பதிந்து ‘டெப் ஐடி’ என்ற எண்ணைப் பெற வேண்டும். அதை உருவாக்காமலேயே சேர்த்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுவது நல்லது. தொலைநிலைக் கல்வியைத் தனியார் மையங்களுக்குக் குத்தகை போல விடுவதற்கும் விதிகளில் இடமில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் பலகை மாட்டியிருக்கும் ‘சென்டர்’ நம்மிடம் பணம் வாங்கினால், அது யாருடைய கணக்குக்குப் போகிறது என்று கேளுங்கள். கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போக வேண்டும்.

பாடங்கள் எப்படி இருக்கும்?

எந்தப் பல்கலைக்கழகமானாலும் அடிப்படை ஒன்றுதான். முதல் பாதியில் கணக்கியல், பொருளியல், புள்ளியியல், நிறுவன நடத்தை, சந்தைப்படுத்தல், மனிதவளம், நிதி மேலாண்மை, உற்பத்தி மேலாண்மை ஆகியவை பொதுவாக வரும். பின்னர் ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து ஆழமாகப் படிக்க வேண்டும். கடைசியில் திட்ட அறிக்கை ஒன்று எழுத வேண்டும்.

கலைப் பாடம் படித்தவர்கள் புள்ளியியலிலும் கணக்கியலிலும் திணறுவது வழக்கம். பொறியியல் படித்தவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதுவது சிரமம். சேருவதற்கு இரண்டு மாதம் முன்பே பலவீனமான பாடத்தைத் தொட்டுவிட்டால் முதல் செமஸ்டர் பயம் இருக்காது.

நிதிப் பாடத்தில் வட்டிக் கணக்குகள் வருமே என்று சிலர் தயங்குகிறார்கள். ஒரு முறை எப்படி இயங்குகிறது என்று அறிவது வேறு, அதில் ஈடுபடுவது வேறு. இன்று இஸ்லாமிய நிதியியல் ஒரு தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. பஹ்ரைனில் இயங்கும் ஆயோஃபி அதற்கான கணக்கியல் தரங்களை வகுக்கிறது. கோலாலம்பூரில் 2002-இல் இஸ்லாமிய நிதிச் சேவைகள் வாரியம் தொடங்கப்பட்டது. வழக்கமான நிதியியல் தெரிந்தவர்தான் அதற்கான ஹலால் மாற்றையும் தெளிவாகப் பேச முடியும்.

வாரத்தில் எத்தனை மணி நேரம்?

விளம்பரங்கள் சொல்லாத கணக்கு இது. இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் உள்ள ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம். ஒரு செமஸ்டரில் இப்படி ஐந்து பாடங்கள் இருந்தால் 600 மணி நேரம். ஆறு மாதத்துக்கு 26 வாரங்கள் என்று வகுத்தால் வாரத்துக்கு 23 மணி நேரம் வருகிறது. அதாவது, வேலை நாள்களில் தினமும் 2 மணி நேரம், சனி, ஞாயிறில் ஆறரை மணி நேரம் வீதம்.

எல்லோரும் இவ்வளவு படிப்பதில்லை. இதில் பாதியைக் கொடுத்துத் தேறிவிடுபவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பாதியையும் எங்கிருந்து எடுப்பது? பிள்ளைகளின் வீட்டுப்பாட நேரம், உம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போகும் சனிக்கிழமை, உறவினர் வீட்டு நிக்காஹ், மனைவியோடு பேசும் அரை மணி நேரம் ஆகியவற்றிலிருந்துதான் எடுக்க முடியும். இதை முன்கூட்டியே பேசிவிட்ட வீட்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். பேசாத வீட்டில் முதல் தேர்வு வரும்போதே மனக்கசப்பு தொடங்கிவிடுகிறது.

தொழுகையும் நோன்பும்

மாலை வகுப்பில் சேருபவர்கள் மஃரிபைக் கணக்கில் வைக்க வேண்டும். சென்னையில் சூரியன் மறையும் நேரம் பருவத்துக்கேற்ப ஏறத்தாழ 5.40-க்கும் 6.40-க்கும் இடையே மாறுகிறது. ஆறு மணிக்குத் தொடங்கும் வகுப்பில் மஃரிப் பெரும்பாலும் வகுப்புக்குள்ளேயே வரும், அதன் நேரமும் குறுகியது. சேரும்போதே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி பத்து நிமிட இடைவெளி கேட்கலாம். மரியாதையாக முதலிலேயே கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. தொழ ஓர் இடமும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ரமளானில் இஃப்தார், தராவீஹ், ஸஹர் என்று நாளின் அமைப்பே மாறிவிடும். கல்வி நாட்காட்டியை வாங்கி, படிப்புக் காலத்தில் வரும் ஒவ்வொரு ரமளானிலும் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சித்தாள்களை ஷஃபானிலேயே முடித்துவிட்டால் அந்த மாதத்தின் பரக்கத்தை இழக்க வேண்டியதில்லை.

கட்டணமும் வட்டியும்

அரசுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு, செமஸ்டருக்கு ஒருமுறை கட்டலாம். தனியார் இணையவழிப் படிப்புகளுக்குச் சில லட்சங்கள் ஆகும். புகழ்பெற்ற மேலாண்மை நிறுவனங்களின் வார இறுதிப் படிப்புகள் அதைவிடப் பல மடங்கு.

இங்கேதான் வட்டி நுழைகிறது. கல்விக் கடன் வட்டியுடன் வருகிறது. சிறுபான்மையினருக்கான அரசுக் கழகங்களின் கல்விக் கடனும் குறைந்த வட்டி கொண்டதே. ‘வட்டியில்லாத் தவணை’ என்று விளம்பரப்படுத்தப்படுவதும் பல இடங்களில் ஒரு நிதி நிறுவனம் நம் பெயரில் தரும் கடன்தான். ஒப்பந்தத்தை முழுவதும் படித்து, வட்டி எங்கே இருக்கிறது, தவணை தவறினால் என்ன நடக்கும் என்று பார்த்து, ஆலிம் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

சம்பாதித்துக்கொண்டே படிப்பதால் வட்டியைத் தவிர்க்க வழியும் இருக்கிறது. ஓராண்டு சேமித்துவிட்டுச் சேரலாம். செமஸ்டர்வாரியாகக் கட்ட அனுமதிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பணியாளர் படிப்புக்கு உதவும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் படித்து முடித்தபின் குறிப்பிட்ட காலம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். உறவினரிடமோ பைத்துல்மாலிலோ அழகிய கடன் கேட்கலாம். அப்படி வாங்கினால் எழுதி வைத்து, சொன்ன தேதியில் திருப்பித் தருவது நம் மேல் அமானிதம். அடுத்த மாணவருக்கு அந்தக் கதவு திறந்திருப்பதும் அதைப் பொறுத்தே.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு

சஊதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். இந்தியாவில் ஞாயிறு அன்று நடக்கும் நேரலை வகுப்பு அங்கே வேலை நாளில் விழும். நம் இரவு 7 மணி அங்கே மாலை 4.30. அமீரகத்தில் 2022 முதல் பொதுவாகச் சனி, ஞாயிறு விடுமுறை என்பதால் அங்கே சிக்கல் குறைவு. வகுப்புப் பதிவு கிடைக்குமா, தேர்வை அங்கிருந்தே எழுதலாமா, ஊருக்கு வர வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இந்தியாவில் செல்லுபடியாகும் பட்டம் எல்லா நாட்டிலும் அதே மதிப்பைப் பெறும் என்று சொல்ல முடியாது. சான்றொப்பம், சமநிலை ஆகியவற்றின்போது படித்த முறையைப் பற்றியும் கேட்கும் நாடுகள் உண்டு. பட்டத்தைக் காட்டப்போகும் நாட்டின் இன்றைய விதியை, பணம் கட்டும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எது கிடைக்கும், எது கிடைக்காது?

முழுநேரப் படிப்பில் இருப்பது போன்ற வளாக நேர்காணலைப் பகுதிநேரப் படிப்பில் பொதுவாக எதிர்பார்க்க முடியாது. பட்டம் வந்த மறுமாதம் சம்பளம் உயரும் என்பதும் உறுதியில்லை. சேரும் முன் மனிதவளத் துறையில் கேளுங்கள்: “இந்தப் பட்டத்தைப் பதவி உயர்வுக்கு எடுத்துக்கொள்வீர்களா?” அவர்கள் தயங்கினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு யோசிக்க வேண்டும்.

கிடைப்பது வேறு வகை. பகலில் வேலையில் பார்த்ததை இரவில் பாடத்தில் பார்க்கலாம். ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழில் செய்யும் ஒரு குடும்பத்து இளைஞர் அடக்கவிலைக் கணக்கையும் நடைமுறை மூலதனத்தையும் படித்தால் அடுத்த நாளே பட்டறையில் அதைப் போட்டுப் பார்க்கலாம். வெவ்வேறு துறையினர் வகுப்புத் தோழர்களாகக் கிடைப்பார்கள். வேலையே இல்லாமல், வேலை கிடைக்கும் என்று நம்பி மட்டும் சேருபவருக்கு இந்தப் பயன் குறைவு. அவர் முதலில் ஒரு வேலையில் நிலைபெறுவதே நல்லது.

நம் வீட்டுப் பெண்களையும் இங்கே நினைக்க வேண்டும். பட்டம் வாங்கி, திருமணமாகி, படிப்பை நிறுத்திய சகோதரிகள் பலர். அவர்களுக்கு இணையவழி, தொலைநிலை எம்.பி.ஏ. நல்ல வாய்ப்பு. ஆனால் வீட்டில் இருந்தே படிப்பதால் ‘சும்மாதானே இருக்கிறாய்’ என்று சமையலும் விருந்தாளிகளும் அந்த 23 மணி நேரத்தைத் தின்றுவிடும். கணவரும் மாமியாரும் வாரத்தில் சில மணி நேரத்தை அவருக்கென்று ஒதுக்கித் தந்தால்தான் அது வாய்ப்பாகும்.

மஷூரா செய்யுங்கள்

பணம் கட்டும் முன் ஒரு மாலை குடும்பம் முழுவதும் உட்காருங்கள். ஏன் படிக்கிறேன், எத்தனை ஆண்டு, வாரத்தில் எந்த நேரம், பணம் எங்கிருந்து, அந்தக் காலத்தில் வீட்டுப் பொறுப்பில் எதை யார் ஏற்பது என்ற ஐந்து கேள்விகளுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு கேள்விக்குப் பதில் வராவிட்டால் அடுத்த சேர்க்கைப் பருவம் ஆறு மாதத்தில் வந்துவிடும், அவசரமில்லை. ஐந்துக்கும் பதில் இருந்தால் இஸ்திகாரா செய்துவிட்டு, நிய்யத்தைச் சரிசெய்துகொண்டு தொடங்கலாம்.

நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ளதாகவும், அவர்களின் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக!