ஊசியும் ஒளியும்

கொச்சித் துறைமுகத்துக்கும் சீன தேசத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கோட்டைக் கொச்சியின் கரையோரம் தாழ்ந்தும் எழுந்தும் மீன் வாரும் சீன வலைகளை நேயர்களில் பலர் கண்டிருப்பர். மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஜெபாலயத்தின் தரையில் பதித்துள்ள நீலச் சித்திர ஓடுகளும் சீனத்துச் சரக்கே. ஆயினும் சீனரின் ஊசி வைத்தியமாகிய அக்குபங்சர் நம் நாட்டில் பரவியது கல்கத்தா வழியாக. 1938-இல் சீனம் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸுடன் சென்ற டாக்டர் பாசு, இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அங்கே போய் இவ்வித்தையைப் பயின்று வந்தார். 2019-இல் மத்திய அரசாங்கம் இதனைத் தனியொரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது.

இப்பொழுது ஊசியின் இடத்தில் ஒளி வந்திருக்கிறது. மூட்டுவலியாலும் கழுத்துவலியாலும் வருந்துவோரிடம், ‘குத்தவே வேண்டாம், லேசர் காட்டினால் போதும்’ என்று கூறும் வைத்தியர்கள் உளர். அக்குபங்சர் என்னும் பெயர் ஊசி, குத்துதல் என்னும் பொருளுடைய இரு லத்தீன் சொற்களின் சேர்க்கை. ஆகவே ‘லேசர் அக்குபங்சர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஊசியில்லா ஊசி வைத்தியம்’ என்றாகும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது சற்றுச் சங்கடமான பெயர்தான்.

ஏலூர்வாசிகளுக்கு லேசர் முற்றிலும் அன்னியமானதன்று. பெரியாற்றங்கரையில் 1952-இல் தொடங்கப்பெற்ற அருமண் ஆலையில் கையாளப்பட்ட மோனசைட் மணலில் நியோடிமியம் என்னும் உலோகம் கலந்துள்ளது. வலிமை மிக்க ஒருவகை லேசருக்கு உயிர்நாடி அதுவே. அத்தகைய லேசர் உலோகத்தையும் அறுக்க வல்லது. வைத்தியர் கையில் பேனா போல் இருக்கும் கருவியோ வேறு வகை. பெரும்பாலும் அரை வாட்டுக்கும் குறைந்த சக்தியுடைய அது தோலைச் சுடுவதில்லை.

சுடாத ஒளிக்கு உடலில் என்ன வேலை என்ற கேள்விக்கு முதல் விடை தற்செயலாகவே கிடைத்தது. மைமன் என்னும் அமெரிக்கர் 1960-இல் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். சில ஆண்டுகளில் புடாபெஸ்ட் நகரத்து டாக்டர் எண்ட்ரே மெஸ்டர், லேசர் ஒளியால் புற்றுநோய் உண்டாகுமோ என்று அறியச் சுண்டெலிகளின் மயிரை மழித்து அவ்விடத்தில் ஒளியைச் செலுத்தினார். புற்று உண்டாகவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைவாக வளர்ந்தது! 1967-ஆம் ஆண்டைச் சேர்ந்த இச்சோதனையிலிருந்தே மென்லேசர் சிகிச்சை கிளைத்தது. உயிரணுக்களுள் சக்தியை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்டிரியாவில் உள்ள ஒரு நொதி, சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஈர்த்துக் கொள்வதால் இவ்விளைவு நேர்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. அளவு குறைந்தால் பயனில்லை. மிகுந்தாலோ பயன் குன்றிவிடும்.

ஊசியோடு ஒப்பிடுங்கால் ஒளிக்குச் சில வசதிகள் உண்டு. வலியில்லை, இரத்தமில்லை, தொற்று நோய் பரவும் அச்சம் மிகக் குறைவு. ஊசியைக் கண்டு அலறும் குழந்தைக்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கும் இது பெரிய அனுகூலம். நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியவருக்கு ஊசிப் புண் ஆறாமல் தொல்லை தரக்கூடும். அவருக்கும் இது ஏற்றதே. ஆனால் ஒளி ஆழம் செல்லாது. சிவப்பு ஒளியின் பெரும்பகுதி சில மில்லிமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அகச்சிவப்பு ஒளி இன்னும் சற்றே உள்ளே போகும். இடுப்புப் புள்ளியிலோ ஊசியை இரண்டு அங்குலத்துக்கு மேலும் செலுத்துவதுண்டு. ஆதலால் காது, மணிக்கட்டு, முகம் ஆகிய இடங்களுக்கு ஒளியும், ஆழ்ந்த புள்ளிகளுக்கு ஊசியும் என்று இரண்டையும் துணையாகக் கொள்வதே நியாயம் என்று தோன்றுகிறது. கறுத்த தோல் ஒளியை மிகுதியாக உறிஞ்சும் என்பதையும், மேனாட்டு அளவுகளை அப்படியே நம்மவருக்குப் பிரயோகிப்போர் கருத வேண்டும்.

ஒளியின் வேறொரு பயனை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஊசி குத்தினால் குத்தியது தெரியும். ஆகவே வலி குறைந்தது ஊசியாலா, நம்பிக்கையாலா என்று பிரித்தறிவது கடினம். அகச்சிவப்பு ஒளியோ கண்ணுக்குத் தெரியாது, தோலிலும் உணரப்படாது. கருவி வேலை செய்கிறதா, சும்மா இருக்கிறதா என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாதபடி செய்யலாம். இவ்வாறு ஆஸ்திரேலியாவில் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன 282 முழங்கால் வலிக்காரர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2014-இல் வெளிவந்தது. ஊசியும் சரி, லேசரும் சரி, பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்குப் பின், செயலற்ற போலி லேசரை விட மேலான பலன் தரவில்லை. மறுபக்கம், கழுத்துவலி பற்றிய 16 சோதனைகளை, மொத்தம் 820 நோயாளிகளை, ஒருசேர ஆராய்ந்து 2009-இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரை மென்லேசருக்கு ஓரளவு சாதகமாகவே முடிந்தது. அங்கே எல்லோருக்கும் அக்குபங்சர் புள்ளிகளில் ஒளி செலுத்தப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. வலி உள்ள இடத்தில் செலுத்துவது ஒரு முறை, மரபுப் புள்ளியில் செலுத்துவது மற்றொரு முறை. ஒன்றின் வெற்றியை மற்றொன்றின் கணக்கில் எழுதிக் கொள்வது நமக்குச் சம்மதமன்று.

பல வாரக் கூலியைச் செலவிட்டு இச்சிகிச்சைக்குச் செல்லும் தொழிலாளி, கருவியின் ஒளி எத்தனை நானோமீட்டர் அலைநீளம், எத்தனை மில்லிவாட் சக்தி, ஒரு புள்ளியில் எத்தனை விநாடி என்று கேட்கலாம். 50 மில்லிவாட் கருவியை 40 விநாடி பிடித்தால் 2 ஜூல் சக்தி சேரும். இக்கணக்கைச் சொல்லத் தெரியாதவரிடம் கருவி இருந்தும் பயனில்லை. சிகிச்சையின்போது வைத்தியர், நோயாளி இருவரும் அவ்வொளிக்கென அமைந்த கண்ணாடியை அணிந்திருத்தல் வேண்டும். தெரியாத ஒளியும் விழித்திரையைச் சுட்டுவிடும். புற்றுக்கட்டி உள்ள இடத்திலும், கருவுற்ற பெண்டிரின் வயிற்றிலும் இதனைச் செலுத்தலாகாது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்டுவரும் மருந்தை, லேசர் தொடங்கியதென்று எவரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.