புண்ணை ஆற்றும் புது நூல்

துணிக்குப் பேர் பெற்ற ஊர் புதுவை. இங்கு சாயமேற்றிய நீலத் துணி ஒரு காலத்தில் கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. 1898-ல் தோன்றிய ரோடியர் ஆலை, பின்னர் ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை என்று பெயர் மாறி, 2020-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் நூலின் கதை முடிந்துவிடவில்லை. இன்று விஞ்ஞானிகள் நூற்கும் ஒரு நூல், இடையில் உடுத்த அல்ல, புண்ணில் கட்ட!

புதுவைக்கு இது மிகவும் வேண்டிய நூல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, இங்கு வயது வந்தோரில் நூற்றுக்கு 26 பேருக்கு நீரிழிவு. கோவாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே இதுதான் அதிகம். சர்க்கரை நோய் முற்றினால் பாதம் மரத்துப்போகும்; ரத்த ஓட்டமும் குறையும். முள் தைத்தாலும் தெரியாது, செருப்புக் கடித்தாலும் தெரியாது. சிறு புண் சீழ் பிடித்து, காலையே எடுக்கும்படி ஆகிவிடுவதும் உண்டு.

மின்சார ராட்டை

புண்ணில் நேராக வைத்த பஞ்சுத் துணி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது புதுச் சதையும் பிய்ந்து வரும். புது நூலோ வேறு வகை. உடலில் கரையக்கூடிய பாலிமர்க் கரைசலை ஊசி முனையில் துளிக்கவிட்டு, பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். துளி இழுபட்டு, சுழன்று, காற்றிலேயே உலர்ந்து, எதிரிலுள்ள தகட்டில் மெல்லிய விரிப்பாகப் படிகிறது. தலைமயிரைவிட நூறு மடங்குக்கு மேல் நுண்ணிய இழை அது! 1934-லேயே ஆன்டன் ஃபார்மால்ஸ் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

தோலுக்கடியில் இயற்கை பின்னியுள்ள வலையும் ஏறக்குறைய இப்படித்தான். ஆகவே பந்தலில் கொடி படர்வதுபோல், புதுச் செல்கள் இவ்விழைகளைப் பற்றி வளர்கின்றன. காற்று புகும், கிருமி புகுவது கடினம். இழைக்குள் மருந்தையும் வைத்துச் சிறுகச் சிறுகக் கசியவிடலாம்.

தஞ்சை சாஸ்திரா பல்கலைக்கழகத்திலும் இத்தகைய இழைகளைப் பற்றி ஆராய்ச்சி நடந்திருக்கிறது. வெளிநாடுகளில் சில துணிகள் சந்தைக்கே வந்துவிட்டன. எனினும் ஓர் ஊசி மணிக்கு ஒரு கிராம் நூற்பதே அரிது, விலையும் அதிகம். ஏழையின் காலுக்கு எட்டும் விலையில் கிடைத்தால்தான் இந்த நூல் வெற்றி பெற்றதாகும்.

அதுவரை? எந்த நூலும் சர்க்கரையைக் குறைக்காது. இரவு படுக்குமுன் பாதத்தை ஒருமுறை விளக்கடியில் பார்த்துக்கொள்வதும், கீறல் கண்டால் மறுநாளே வைத்தியரிடம் காட்டுவதும் காசில்லாத வைத்தியம். அதில் சோம்பல் கூடாது!