கழுவாய்த் திருநாள்

திருநாள் என்றவுடன் விருந்தும் புத்தாடையும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின், யூத மக்கள் தம் திருநாள்களுள் மிகத் தூயதெனப் போற்றும் நாளில் உண்பதுமில்லை, நீர் பருகுவதுமில்லை. அந்நாளே யோம் கிப்பூர் என்பது. கழுவாய் நாள் என்பது அவ்வெபிரேயத் தொடரின் பொருள். கழுவாயாவது, செய்த பிழையைப் போக்கிக்கொள்ளும் வழி.

யூதர்தம் திங்கள்களுள் ஒன்று திஷ்ரி. அதன் முதல் நாள் புத்தாண்டு. பத்தாம் நாள் கழுவாய் நாள். செப்டம்பரிலோ அக்டோபரிலோ அது வரும். முன்னாள் ஞாயிறு மறையுமுன் தொடங்கும் நோன்பு, மறுநாள் இருள் சூழுமளவும் ஏறத்தாழ 25 மணி நேரம் நீடிக்கும். அன்று நீராடலும் தோற்காலணி அணிதலும் விலக்கப்படும். பலர் வெண்ணிற ஆடை உடுத்துத் தொழுகைக் கூடத்திற்கு வருவர். ஆண்டு கூடியோர், 'யான் பிழைத்தேன்' என்னாது, 'யாம் பிழைத்தேம்' என்றே ஒருங்கு முறையிடுவர். சிறுவர்க்கும், நோன்பினால் உயிர்க்கு இடர் நேரக்கூடிய நோயாளர்க்கும் இந்நோன்பு இல்லை. உயிரைக் காத்தல் நோன்பினும் பெரிது என்பது அவர்தம் கொள்கை.

பண்டு எருசலேம் கோயிலில் தலைமைக் குரு பலியிட்டு மக்களுக்காகக் கழுவாய் தேடினார். கி.பி. 70-இல் உரோமர் அக்கோயிலை அழித்தனர். அதன்பின் பலியின் இடத்தில் வழிபாடும் மனமாற்றமும் நிலைபெற்றன.

நோன்பு நோற்றால் எல்லாப் பிழையும் நீங்கிவிடுமோ? நீங்காது என்பர் யூத அறநூலார். இறைவனுக்குச் செய்த பிழையை இந்நாள் போக்கும்; மற்றொருவருக்கு இழைத்த தீங்கோ, அவர் மனத்தை ஆற்றினாலன்றி நீங்காது என்று மிஷ்னா என்னும் பழைய நூல் கூறுகின்றது. கழுவாய் நாள் இருக்கின்றதென்னும் துணிவில் பிழை செய்பவனுக்கு அந்நாள் பயன் தராது என்றும் அது எச்சரிக்கின்றது.

12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர் இதனை மேலும் விளக்கினார். பிறர் பொருளைக் கவர்ந்தவன் அதனைத் திருப்பித் தந்தால் மட்டும் போதாது. நேரிற் சென்று மன்னிப்பும் கேட்டல் வேண்டும். அவர் மன்னியாராயின், நண்பர் மூவரை உடன்கொண்டு மீண்டும் செல்லுதல் வேண்டும். இங்ஙனம் மும்முறை வேண்டுதல் கடன். தீங்குற்றவர் இறந்துபட்டாராயின், பதின்மரை அழைத்துச் சென்று அவர் கல்லறைமுன் பிழையை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். மனமுருகி வேண்டுவோரை மன்னியாதிருத்தல் கொடுமை என்றும் அவர் அறிவுறுத்தினார். ஆதலின், இந்நாளுக்கு முன்னரே உறவினரும் நண்பரும் ஒருவரையொருவர் கண்டு பொறுத்தருள வேண்டுவர்.

நோன்பு நாளின் பிற்பகலில் யோனாவின் வரலாறு படிக்கப்படும். நினிவே நகரத்தார் உண்ணாதிருந்தமைக்காக அன்று, தீய வழியைவிட்டுத் திரும்பியமைக்காகவே இறைவன் அவர்பால் இரங்கினான் என்று யூதச் சான்றோர் பொருள் கூறுவர். இருள் சூழ்ந்ததும் ஆட்டுக்கடாவின் கொம்பு முழங்கும், நோன்பு நிறைவுறும்.

ஒரு நாள் பசித்திருத்தல் பலர்க்கும் இயல்வதே. தாம் தீங்கிழைத்தவர் வாயிலிற் சென்று தலைகுனிந்து நிற்றலோ அரிது. அவ்வரிய செயலையே கழுவாய்த் திருநாள் மக்களிடம் வேண்டுகின்றது.