வேலமரங்களை இனங்காண்பது எங்ஙனம்?



மன்னாருக்குச் செல்லும் பெருந்தெருவிற் பயணஞ்செய்தவர்கள், குடை விரித்தாற்போல நிற்கும் முள்மரங்களைக் கண்டிருப்பர். "எல்லாம் முள்மரந்தானே" என்று ஒரு சொல்லிற் கூறிவிட்டு அப்பாற் செல்வது நம்மிற் பலரது வழக்கம். நானும் நெடுங்காலம் அவ்வாறே சென்றவன். வரலாறும் தமிழும் கற்பித்து வந்த எனக்குத் தாவரவியற் பயிற்சி கிடையாது. அக்குறையை எனக்கு உணர்த்தியது ஒரு சிரமதானம்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அதிபராயிருந்த பாடசாலையின் எல்லையில் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலை அகற்ற முற்பட்டோம். மாணவரும் பெற்றோரும் கத்தியும் கோடரியுமாகத் திரண்டனர். நண்பகலுக்கு முன்னரே நல்ல நிழல்தரு மரமொன்று தறிக்கப்பட்டுவிட்டது. அவ்வழியே ஆடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் நின்றார். விழுந்த கிளையிலிருந்து ஒரு காயைப் பறித்து என் கையில் வைத்தார். "ஐயா, இது எங்கட உடை. நீங்கள் வெட்ட வந்த மரத்தின்ர காய் இப்பிடிச் சுருளாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாம் வெட்ட வந்த சீமைக்கருவேலோ சற்று அப்பால் பசுமை குன்றாது நின்றது. முள்ளை மட்டும் பார்த்து மரத்தை அறிந்துவிட்டதாக எண்ணியதே எம் பிழை. இலை, முள், பூ, காய் ஆகிய நான்கையும் ஒருசேர விசாரித்த பின்னரே ஒரு மரத்துக்குப் பெயரிடல் வேண்டும். அவ்விசாரணையை இன்று நாம் செய்து பார்ப்போமாக.

முதலில் இலை. வேலமரத்தின் இலையென நாம் கருதும் சிறு பச்சைத் துணுக்கு உண்மையில் முழு இலையன்று, அது சிற்றிலை. நடுக்காம்பு ஒன்று, அதன் இருபுறமும் சிறகுபோற் கிளைக்காம்புகள், ஒவ்வொரு கிளைக்காம்பிலும் இரு வரிசையாகச் சிற்றிலைகள். இவையனைத்தும் சேர்ந்ததே ஓர் இலை. கிளைக்காம்புச் சோடிகள் எத்தனை, சிற்றிலை எவ்வளவு நீளம் என்பனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். கருவேலில் மூன்று முதல் ஆறு சோடிக் கிளைக்காம்புகளைப் பெரும்பாலுங் காணலாம். சீமைக்கருவேலிலோ ஒன்று அல்லது இரண்டு, அரிதாக மூன்று சோடிகளே உண்டு. சிற்றிலைகளும் வேலமரத்தினவற்றிலும் நீண்டவை. கையிலொரு கிளையும் பக்கத்திலொரு அடிமட்டமும் இருந்தாற் பத்து வயதுப் பிள்ளையும் இதனைக் கண்டறியலாம்.

இங்கே ஒரு விலக்கையுங் கூறவேண்டும். விறகுக்காகப் பல இடங்களில் நாட்டப்பட்டுள்ள, 'அக்கேசியா' என்றே மக்கள் வழங்கும் அவுஸ்திரேலிய மரத்தில் சிறகிலைகள் இல்லை. அரிவாள்போல் வளைந்து தொங்கும் அதன் 'இலை', தட்டையாகிவிட்ட இலைக்காம்பேயாகும். விதையிலிருந்து முளைத்த இளங்கன்றைப் பாருங்கள்: முதலிற் சிறகிலைகள் தோன்றும், பின்னர் காம்பு அகன்று, சிறகுகள் மறைந்துவிடும். உருவம் மாறினும் குலம் மறைவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அடுத்து முள்ளும் பூவும். கருவேல், வெள்வேல், உடை ஆகியவற்றில் இலையடியின் இருபுறத்தும் சோடியாக முட்கள் தோன்றும். செங்கருங்காலியின் முட்களோ குறுகி, கொக்கிபோல் வளைந்தவை. தளபாடத்துக்குப் பெயர்பெற்ற கருங்காலி வேறு குடும்பத்து மரம். பெயரொற்றுமை கண்டு மயங்கலாகாது.

வேலம்பூ என நாம் காணும் மஞ்சள் உருண்டை ஒரு பூவன்று. மிகச் சிறிய பல பூக்களின் கூட்டம். பஞ்சுபோல் வெளியே நீண்டு தெரிவன அவற்றின் மகரந்தத் தாள்கள். கருவேலின் உருண்டைகள் பொன்மஞ்சள் நிறத்தன. உடையின் உருண்டைகள் வெண்ணிறத்தன. வெள்வேலின் உருண்டைகள் வெளிர்மஞ்சளாய், கிளை நுனியிற் பெருங்கொத்தாக நிற்கும். செங்கருங்காலியில் உருண்டையில்லை, நீண்ட கதிராகவே பூக்கும். இண்டங்கொடி போன்ற சில, வளைந்த முள்ளுடையனவாயினும் உருண்டையாகப் பூப்பதுண்டு. ஆதலாற் பூவை மட்டும் நம்பியும் தீர்ப்புக் கூறுதல் தகாது.

இவ்வேறுபாடுகள் அறிஞரிடையே பெருவழக்கொன்றையே தோற்றுவித்தன. பன்னெடுங்காலம் இம்மரங்கள் அனைத்தும் அக்கேசியா என்னும் ஒரே சாதியில் அடங்கியிருந்தன. 2005ஆம் ஆண்டு வியன்னாவிற் கூடிய உலகத் தாவரவியல் மாநாட்டில், அப்பெயர் அவுஸ்திரேலியக் கூட்டத்துக்கே உரியதெனத் தீர்மானிக்கப்பட்டது. 2011இல் மெல்பேணில் அது மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. அதன் பயனாக நம் கருவேலும் வெள்வேலும் உடையும் இன்று வச்செலியா எனவும், செங்கருங்காலி செனகலியா எனவும் வழங்கப்படுகின்றன. ஆடு மேய்க்கும் முதியவருக்கோ அவை என்றும் வேலும் உடையுமேயாம்.

இனிக் காய். நால்வகைச் சான்றுகளுள் இதுவே தெளிவானது. கருவேலங்காய் மணிமாலை போன்றது. விதைக்கு விதை இடையில் ஒடுங்கி, சாம்பல்நிற மென்மயிர் போர்த்தியிருக்கும். வெள்வேலங்காய் ஒடுங்கித் தட்டையாய்ச் சற்று வளைந்தது. உடையின் காய் தடித்து, வளைந்து சுருள்வது. செங்கருங்காலியின் காய் மெல்லிய தட்டையான பட்டைபோன்றது. பட்டை என்றதும் மரப்பட்டையும் நினைவுக்கு வருகிறது. கருவேலின் அடிமரம் கறுத்து வெடித்திருக்கும். வெள்வேலின் அடிமரம் பெயருக்கேற்ப வெளுத்திருக்கும். நம் முன்னோர் பெயரிட்டதிலேயே பாதிப் பாடம் அடங்கியுள்ளதன்றோ?

விடத்தல்தீவு என்னும் ஊரை நேயர்கள் அறிவர். விடத்தலும் ஒரு முள்மரமே, ஆயினும் வேலன்று. அதன் பூக்கதிர் தலைகீழாகத் தொங்கும். மேற்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். காய்களோ முறுகிப் பின்னிக் கொத்தாகக் கிடக்கும். ஒருமுறை கண்டவர் மறவார்.

இப்போது வழக்கின் பிரதிவாதிக்கு வருவோம். சீமைக்கருவேல் அமெரிக்காவிலிருந்து வந்தது. உவர்நிலத்தைத் திருத்தும் நோக்குடன் 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதியில் இது நாட்டப்பட்டது. இன்று புந்தல தேசியப் பூங்காவில், 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்திலேயே, பெரும் நிலப்பரப்பை இது மூடிநிற்கின்றது. மன்னார், புத்தளம் ஆகிய இடங்களிலும் பரவியுள்ளது. இதன் முட்களும் இலையடியிற் சோடியாகத் தோன்றுவதாலேயே மயக்கம் உண்டாகிறது. ஆனால் இதன் பூ உருண்டையன்று, பசுமஞ்சட் கதிர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சிறுபூவிலும் மகரந்தத் தாள்கள் பத்தே இருக்கும். வேலம்பூவிலோ அவை எண்ணற்றவை. காய் நீண்டு, வைக்கோல் நிறமாய், இனிப்பான சதையுடன் இருக்கும், தானாக வெடிப்பதில்லை. ஆடுமாடுகள் அதனை விரும்பித் தின்று, சாணத்தோடு விதைகளை வேற்றிடங்களிற் பரப்புகின்றன. அடிவேரோடு அகற்றாது மேலே மட்டும் தறித்தால் மீண்டும் பல கிளைகளாய்த் தழைக்கும். ஆகவே உரிய மரத்தை அரைகுறையாக வெட்டுவதும் வீண்; உரியதல்லாத மரத்தை வெட்டுவதோ பழி.

பூவும் காயும் இல்லாத காலத்தில் என் செய்வது என நேயர்கள் வினவலாம். மரத்தடியைக் கிளறிப் பாருங்கள். சென்ற பருவத்து உலர்ந்த காயொன்றேனும் கிடைக்கும். அதுவும் கிடையாவிடின் அடுத்த பருவம்வரை பொறுத்திருங்கள். நாட்டில் வேரூன்றிய நல்ல மரமொன்றை ஐயத்தின்பேரில் வெட்டுவதிலும், அந்நிய மரமொன்றைச் சில திங்கள் விட்டுவைப்பது குற்றமாகாது.

அச்சிரமதானத்துக்குப் பின், வெட்டத் தொடங்குமுன் ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஓர் இலையும் ஒரு காயும் கொண்டுவந்து காட்டல் வேண்டும் என மாணவருக்கு விதித்தேன். முதலாம் நாள் வேலை மந்தமாகவே நடந்தது, அதனாற் குறையொன்றுமில்லை. அம்முதியவர் தந்த காய் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றது. அறியாமையால் விழுந்த மரத்தை அதனால் மீண்டும் நிறுத்த முடியாது. அடுத்த மரத்தைக் காக்க அது போதும்.