விரிதாளில் சிதறல் விளக்கப்படம்: பத்துப்பாட்டின் அடியளவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இலக்கியத் தரவுகளை எண்ணி அளவிடும் ஆய்வுகளில், இரண்டு அளவுகளுக்கு இடையிலான உறவைக் காட்டக் கோட்டு விளக்கப்படமே பெரிதும் கையாளப்படுகிறது. அது உறவின் வடிவைத் திரித்துக் காட்டக்கூடியது. அவ்விடத்தில் சிதறல் விளக்கப்படமே பொருந்தும் என்பதையும், அதனை விரிதாளில் அமைக்கும் முறையையும், அதிலிருந்து முடிவு கூறும்போது கொள்ளவேண்டிய எச்சரிக்கையையும் பத்துப்பாட்டின் அடியளவைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிதறல் விளக்கப்படம், விரிதாள், ஒட்டுறவு, போக்குக்கோடு, பத்துப்பாட்டு, சொல்வளம்.

முன்னுரை

ஒரு பாட்டின் நீளம் கூடும்போது அதில் வரும் வேறுபட்ட சொற்களின் எண்ணிக்கை எவ்வாறு கூடுகிறது? இவ்வினாவில் இரண்டு அளவுகள் உள்ளன, இரண்டும் எண்கள். இத்தகைய இணை எண்களை, ஒன்றைக் கிடையச்சிலும் மற்றொன்றைக் குத்தச்சிலும் வைத்து, ஒவ்வோர் இணைக்கும் ஒரு புள்ளி இடுவதே சிதறல் விளக்கப்படம்.

கோட்டுப்படத்தின் குறை

பத்துப்பாட்டின் அடிகளை ஏறுவரிசையில் நிறுத்தினால் முல்லைப்பாட்டு 103, நெடுநல்வாடை 188, பொருநராற்றுப்படை 248, குறிஞ்சிப்பாட்டு 261, சிறுபாணாற்றுப்படை 269, பட்டினப்பாலை 301, திருமுருகாற்றுப்படை 317, பெரும்பாணாற்றுப்படை 500, மலைபடுகடாம் 583, மதுரைக்காஞ்சி 782 என அமையும்.

கோட்டு விளக்கப்படம் கிடையச்சில் உள்ளவற்றை எண்களாகக் கொள்வதில்லை. பெயர்களாகக் கொண்டு சம இடைவெளியில் வைக்கிறது. எனவே குறிஞ்சிப்பாட்டுக்கும் சிறுபாணாற்றுப்படைக்கும் இடையிலான 8 அடி வேறுபாடும், மலைபடுகடாத்துக்கும் மதுரைக்காஞ்சிக்கும் இடையிலான 199 அடி வேறுபாடும் படத்தில் ஒரே தொலைவாகத் தோன்றும். அப்படத்தில் தெரியும் ஏற்றமும் சரிவும் தரவின் இயல்பு அல்ல, படவகையின் விளைவு. சிதறல் விளக்கப்படம் ஒவ்வொரு புள்ளியையும் அதன் மெய்யான தொலைவில் வைக்கிறது.

அமைக்கும் முறை

1. முதல் நெடுவரிசையில் பாட்டின் பெயரையும், இரண்டாவதில் நீளத்தையும், மூன்றாவதில் வேறுபட்ட சொற்களின் எண்ணிக்கையையும் இடுதல் வேண்டும்.

2. நுண்ணறையில் எண் மட்டுமே இருத்தல் வேண்டும். '317 அடி' என்று எழுதினால் விரிதாள் அதனை உரையாகக் கொள்ளும். கிடையச்சுத் தரவில் உரை கலந்திருந்தால், எக்செல் உண்மையான அளவுகளை விடுத்து 1, 2, 3 என்ற வரிசையெண்களை இட்டுக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது என்பதால் இத்தவறு எளிதில் கண்ணில் படாது.

3. எண்கள் உள்ள இரண்டு நெடுவரிசைகளை மட்டும் தேர்ந்து, எக்செல்லில் 'இன்செர்ட்' பட்டியிலுள்ள 'ஸ்கேட்டர்' வகையைத் தெரிவு செய்ய வேண்டும். லிபர்ஆபிஸ் கால்க்கில் இது 'எக்ஸ்-ஒய் ஸ்கேட்டர்' எனப்படும். இரண்டிலும் இடப்புற நெடுவரிசை கிடையச்சுக்குச் செல்லும். புள்ளிகளைக் கோட்டால் இணைக்காத வகையே இங்குத் தேவை.

4. அச்சுகளுக்குப் பெயரும், புள்ளிகளுக்குப் பாட்டின் பெயரும் இடவேண்டும். எக்செல் 2013 முதலான பதிப்புகளில், தரவுப் பெயர்களை நுண்ணறைகளிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி உள்ளது.

எண்ணுக்கு முன் படம்

ஒட்டுறவுக் கெழுவை மட்டும் கணக்கிட்டு முடிவு கூறுதல் போதாது. புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கம் 1973இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுதிகள் இதனை நிறுவின. ஒவ்வொன்றிலும் 11 இணைகள். கிடையச்சு அளவுகளின் சராசரி 9, குத்தச்சு அளவுகளின் சராசரி ஏறத்தாழ 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.82. எண்ணளவில் நான்கும் ஒன்றே. படமாக வரைந்தால், முதலாவது நேர்கோட்டை ஒட்டிய சிதறல், இரண்டாவது வளைவு, மூன்றாவது ஒரே ஒரு விலகிய புள்ளியை உடைய நேர்கோடு, நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்தில் நிற்க, தொலைவில் உள்ள ஒரு புள்ளியே உறவு இருப்பதாகக் காட்டுகிறது.

பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சி இத்தகைய தொலைப்புள்ளி. நீளத்தில் தனித்து நிற்கும் அதனால் போக்குக்கோட்டின் சாய்வைப் பெரிதும் மாற்ற முடியும். அதனைச் சேர்த்தும் நீக்கியும் இருமுறை வரைந்து ஒப்பிடுதல் நன்று.

படத்தைப் பொருள்கொள்ளல்

நூல் நீளும்போது வந்த சொற்களே மீண்டும் வருவதால், புதிய சொற்கள் சேரும் வேகம் குறையும். ஆகவே இங்கு எதிர்பார்க்கத்தக்கது நேர்கோடன்று, தணிந்து செல்லும் வளைவு. போக்குக்கோட்டு வகைகளில் 'பவர்' என்பது இதற்கு ஏற்றது. வேறுபட்ட சொற்களை மொத்தச் சொற்களால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தைக் கொண்டு, முல்லைப்பாட்டு மதுரைக்காஞ்சியைவிடச் சொல்வளம் மிக்கது என்று கூறினால், அது பெரும்பாலும் நீளத்தின் வேறுபாட்டையே சொல்வளம் என்று கூறுவதாகும். வளைவுக்கு மேலோ கீழோ ஒரு பாட்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே ஒப்பிடத்தக்கது.

அவ்விலகலுக்கும் காரணம் தேடவேண்டும். பட்டினப்பாலையில் வஞ்சியடிகள் மிகுதி. அவை நாற்சீர் அடிகளைவிடக் குறுகியவை. நீளத்தை அடியால் அளந்தால் அப்பாட்டு உள்ளதைவிட நீண்டதாகக் கணக்காகி, அதன் புள்ளி வளைவுக்குக் கீழே விழக்கூடும். அது சொல்வறுமை அன்று, யாப்பின் விளைவு. ஆகவே கிடையச்சில் அடிகளுக்குப் பதிலாக மொத்தச் சொற்களை வைப்பதே முறை. அவ்வாறு எண்ணும்போது பத்துப் பாட்டுகளுக்கும் ஒரே பதிப்பையும், ஒரே புணர்ச்சி பிரிப்பு நெறியையும் பின்பற்றுதல் இன்றியமையாதது.

முடிவுரை

விரிதாளில் படவகையைத் தேர்வது அழகு சார்ந்த செயலன்று. ஆய்வு முடிவின் ஒரு பகுதி. இரண்டு எண் அளவுகளின் உறவைக் காட்டச் சிதறல் விளக்கப்படமே உரியது. கெழுவைக் கூறுமுன் படத்தைக் காணுதலும், விலகி நிற்கும் புள்ளியை நீக்குமுன் நூலைத் திரும்பப் படித்தலும் அளவையியல் சார்ந்த இலக்கிய ஆய்வைப் பிழையினின்று காக்கும்.